அருவியில் செத்தவள் எழுதிய விமர்சனம்

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நாங்கள் ஐந்து பேர் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சண்டை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. ஐந்து பேரும் நாற்பதைத் தொட்டவர்கள், அதில் நான் ஒருத்திதான் பெண். பக்கத்து மேசைக்காரர்கள் ஏதோ வரப்புத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

புதிதாக வந்த மாயலோக விளையாட்டு அது. வாள், மந்திரம், பறவை முகத்து ராட்சசர்கள் எல்லாம் உண்டு. நாம் ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ மாறி அந்த நாட்டில் அலைய வேண்டும். கீழப்பாவூரிலிருந்து வரும் கல்லூரி வாத்தியார் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். “காட்டைப் பாத்தீங்களா, ஒவ்வொரு எலையும் தனித்தனியா ஆடுது” என்றார். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சிக்கோ, அதை வெளியிட்ட கம்பெனியின் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

“எலைய வச்சு நாக்கு வழிக்கவா? நெட்டு போனா வெளையாட்டும் போயிருது. எங்க லாட்ஜுல கொரங்கு வாரத்துக்கு ரெண்டு மட்டம் வயரக் கடிக்குது. நான் என்ன, கொரங்குட்ட போயி கெஞ்சவா?”

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். விளையாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஓர் அருவி வரும். அதைப் பார்த்ததும் நாங்கள் ஐந்து பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே காரியத்தைத்தான் செய்திருந்தோம். நேரே போய் அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தோம். செத்துப்போனோம். அந்த வேகத்தில் நின்றால் ஆள் காலி என்று வைத்திருக்கிறான் பாவி. உலகத்தில் வேறு யாரும் இதைப் பற்றிப் புகார் சொன்னதாகத் தெரியவில்லை. அருவியைக் கண்டதும் குளிக்கப் போகிற புத்தி வேறு எவனுக்கும் இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் ஓரமாக நின்றால் சரியாகிவிடும் என்று அண்ணாச்சி மேலும் இரண்டு தடவை போய்ச் செத்திருக்கிறார்.

எனக்கு இலையும் வேண்டாம், அருவியும் வேண்டாம். என் கோபம் வேறு. இதே கம்பெனியின் பழைய விளையாட்டில் இரண்டு பேர் சேர்ந்து போகலாம், போகிற வழியில் ஹெட்போனில் பேசிக்கொள்ளலாம். புதியது வந்த அன்றைக்கே பழையதை மூடிவிட்டார்கள். புதியதில் ஒற்றை ஆளாகத்தான் அலைய முடியும். சேர்ந்து விளையாடும் வசதியைப் பிறகு தருவார்களாம்.

“அதான் பின்னால குடுப்பான்லா யக்கா” என்றார் வாத்தியார்.

பின்னால் என்றால் எப்போது என்று கேட்டேன். அவர் பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தார்.

என் தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். பெண்டாட்டி பிரிந்து போன பிறகு, விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு விமானம் ஏறியவன், இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டான். எடுத்தாலும் ‘ம்’தான். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவளிடம் மட்டும் பேசவே மாட்டான். அழுதுவிடுவாள் என்று பயம்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. நான் மெடிக்கல் ஷாப் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம், அந்தப் பழைய விளையாட்டில் இருவரும் சேர்ந்து நடப்போம். அங்கே மட்டும் அவனுக்கு வாய் திறக்கும். ஓநாயைத் துரத்திக்கொண்டே சூப்பர்வைசரைத் திட்டுவான், முதுகுவலியைச் சொல்லுவான். பெண்டாட்டி ஏன் போனாள் என்பதைக்கூட, இருவரும் மூலிகை பறித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் சொன்னான். நடுவில் “எக்கா, ஒனக்குப் பின்னால ஓநாய்” என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். முகம் பார்க்க வேண்டாம், கைக்கு வேலை இருக்கிறது, அதனால் பேச்சு வந்திருக்கும். ஹெட்போனில் பேசுவதால் அம்மாவுக்கு எதுவும் கேட்காது. முடித்து எழுந்ததும் கதவோரம் நிற்பாள். “என்ன சொல்லுதான்?” என்பாள். பாதியைச் சொல்லுவேன்.

அதைத்தான் மூடினார்கள். அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் போன் போட்டேன்.

“என்னலே சாப்ட்ட?”

“சோறு.”

“என்ன கொழம்பு?”

“ம்.”

அவ்வளவுதான், வைத்துவிடுவான். கதவோரம் அம்மா. மீன் குழம்பு வைத்தானாம், முதுகுவலி தேவலையாம் என்று நானாகவே அளந்துவிட்டேன். பொய் சொல்லச் சொல்ல எரிச்சல்தான் கூடியது. கேட்கிற அம்மா மேல் எரிச்சல், ஊமைக்கோட்டானாக இருக்கிற அவன் மேல் எரிச்சல். கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று ஒரே பதில். என் ஆர்வத்தைக் கொண்டு போய் உடைப்பில் போட.

விளையாட்டை விற்கிற தளத்தில், வாங்கியவர்கள் விமர்சனம் எழுதலாம். பிடித்திருந்தால் கட்டைவிரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. அன்றைக்குப் பரோட்டாக் கடையில், எல்லாரும் ஒரே நாளில் விரலைக் கவிழ்ப்போம் என்றார் அண்ணாச்சி. வாத்தியார் கேட்காமல் மேலே போட்டு, இலைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். நான் புதுப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தமிழில் எழுதினேன். அருவியில் தலை கொடுத்துச் செத்ததில் ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. மனைவி போன பிறகு என் தம்பி யாரிடமும் பேசுவதில்லை, உங்கள் விளையாட்டுக்குள் மட்டும்தான் பேசினான், அந்த வழியை அடைத்துவிட்டு இலை வரைந்துகொண்டிருக்கிறீர்களே என்று எழுதிப் போட்டுவிட்டேன். ஊர் பேர் எதுவும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். படித்தவர்கள் பலர் ‘சிரிப்பாக இருக்கிறது’ என்ற பொத்தானை அமுக்கியிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி. அவனாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! கையில் சீப்பு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அந்த வெளையாட்ட வாங்கலாமான்னு விமர்சனம் படிச்சேன். ஒருத்தி அருவிய கண்டதும் நேரா போயி தலைய குடுத்தாளாம். நம்ம ஊர் ஆளத் தவிர எந்தக் கோட்டி அங்கன போயி நிக்கும்? அது நீதான?”

“நாந்தாம்லே.”

அதற்கப்புறம் எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. என் கதையை எடுத்து நாலு பேருக்குப் படம் காட்டுகிறாயா என்றான். எவனெவனோ சிரித்திருக்கிறான், பார்த்தாயா என்றான். உன்னிடம் சொன்னது உனக்கு மட்டும் சொன்னது என்றான். அவன் சொன்னது அத்தனையும் நியாயம். எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். இரண்டு வருஷம் கழித்து அவன் குரலைக் கேட்கிறாள், அதுவும் மூச்சு விடாமல் திட்டுகிற குரல். கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

“அழிச்சிருதேன்லே. தப்புதான்.”

“மொதல்ல அழி.”

அங்கேயே விட்டிருக்க வேண்டும். என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

“அழிக்கேன். ஆனா வாராவாரம் அம்மாட்ட அஞ்சு நிமிஷம் பேசணும். பேசுதேன்னு சொல்லு, இந்தா இப்பவே அழிக்கேன்.”

அம்மா கரண்டியோடு ஓர் அடி முன்னால் வந்தாள்.

“அப்போ அது அங்கனயே கெடக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

என்னால் அம்மாவை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் அழவில்லை. போனைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ஏட்டி, நான் கேட்டுக்கிட்டு நின்னேன்னு அவன்ட்ட சொல்லிராத. சங்கடப்படுவான்.”