லுவான் அக்கா எழுதிய முதல் வரி

ஷாவ் போலினை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியாயத் தராசு எங்கே என்று பிறகு யாரும் என்னிடம் வந்து நிற்க வேண்டாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த ஆளைப் பற்றி இல்லை, கியாங் சியூலுவானைப் பற்றி. எங்களுக்கு அவர் லுவான் அக்கா.

தைவானின் ஷின்சூ நகரில் உள்ள எங்கள் சிப் வடிவமைப்பு அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், அக்கா பதினேழு வருடம் உதவியாளராக இருந்தார். கூட்ட அறை பிடித்துக் கொடுப்பது, மதியச் சாப்பாட்டு டப்பாக்களுக்குச் சொல்வது, பிரிண்டருக்கு மை மாற்றுவது, இதுதான் அவர் வேலை. தொழிற்பள்ளிப் படிப்பு. சம்பளப் பட்டியலில் கடைசிப் பக்கம். குரல் மட்டும் முதல் பக்கத்துக் குரல், மாடி முழுக்கக் கேட்கும்.

அவர் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு விபத்து நடந்தது. எங்களுக்கு வேலையெல்லாம் லினக்ஸ் கணினிகளில். டெர்மினல் என்னும் கறுப்பு ஜன்னலைத் திறந்தால் கட்டளைக்காகக் காத்து நிற்கும் ஒரு சின்ன வரி வரும். அதை ப்ராம்ப்ட் என்போம். ஒரு பொறியாளர் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். ஒன்று சோதனைக் கணினி, மற்றது வாடிக்கையாளரின் வேலை ஓடும் கணினி. இரண்டிலும் ப்ராம்ப்ட் ஒரே மாதிரி. அழிக்கும் கட்டளையைத் தப்பான ஜன்னலில் தட்டிவிட்டார். ஒன்பது நாள் உழைப்பு மொத்தமும் போச்சு.

எல்லாரும் தலையில் கை வைத்து நின்றபோது, டீ கொண்டு வந்த லுவான் அக்கா கேட்டாராம்: "ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எவனுக்குத் தெரியும்? ஆபத்தானதுக்குச் செவப்பு அடிச்சு வெக்க மாட்டீங்களா?"

சிரித்தார்களாம். அக்கா சிரிக்கவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டு இடைவேளைகளில் கையேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ப்ராம்ப்டுக்கு நிறம் கொடுக்கக் கற்றுக்கொண்டார். வாடிக்கையாளர் கணினி சிவப்பு, சோதனைக் கணினி பச்சை. ஜன்னல் திறந்ததும் கணினி தானாகவே முதலில் படிக்கும் தொடக்கக் கோப்பில்தான் இதையெல்லாம் எழுத வேண்டும். அக்காவின் கோப்பு வருடா வருடம் வளர்ந்தது. எந்தத் திட்டத்துக்கு எந்த மென்பொருள், அது எங்கே இருக்கிறது, எல்லாம் அதற்குள் வந்துவிட்டன.

புதிதாக யார் சேர்ந்தாலும் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, "உன் கோப்புல ஒரே ஒரு வரி போட்டுக்கோ, லுவான் அக்கா கோப்பைப் படின்னு." யாரும் அதைப் பிரதி எடுத்ததில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? அக்கா காலையில் ஒரு திருத்தம் போட்டால் நூற்று முப்பது பேருக்கும் சரியாகிவிடும். அந்தக் கோப்பு அக்காவின் சொந்தக் கணக்கில் இருக்கிறதே என்று, முதுகலை முடித்த நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஷாவ் துறைத் தலைவராக வந்தார். பொது இடத்தில் ஒரு கோப்பு வைத்து, எல்லாரும் இனி இதைத்தான் படிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குள் இருந்தது ஒரே வரி: லுவான் அக்கா கோப்பைப் படி. அதற்கு 'ஷாவ் தர அமைப்பு' என்று பெயர் சூட்டி, சிவப்பையும் பச்சையையும் படம் பிடித்துப் போட்டு, வருடக் கடைசி விருந்தில் பரிசு வாங்கினார். மேடையில் கேடயத்தோடு அந்த ஆள் பல் இளித்தபோது லுவான் அக்கா கடைசி மேசையில் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் நான் கையெழுத்துக்காக ஷாவ் அறையில் நின்றிருந்தபோது அக்கா உள்ளே வந்தார்.

"ஷாவ் சார், நேத்து மேடையில காட்டினீங்களே, அதெல்லாம் நான் எழுதினது."

"ஏம்மா, நீ கலர் அடிச்சே, அவ்வளவுதான். சுவத்துக்கு வெள்ளை அடிச்சவனுக்கு வீட்டை எழுதிக் குடுப்பாங்களா?"

"பேரையாவது போட்டிருக்கலாமே."

"உதவியாளர் பேரைப் போட்டா தலைமையகத்துல சிரிப்பாங்க. போம்மா, டப்பாவுக்குச் சொல்லு, பசிக்குது."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "பெய்ஜூ, இது என் வேலைன்னு இந்த ஆள் வாயாலயே சொல்ல வெக்கலைன்னா, நான் சியூலுவான் இல்லடி."

மே மாதம் ஆட்குறைப்பு வந்தது. எங்கள் துறையில் ஒரே ஒரு பெயர். யார் பெயர் என்று நான் சொல்ல வேண்டுமா?

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதியம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அக்கா தன் கோப்பில் ஒரு வரி சேர்த்தார். ஷாவ் ஜன்னலைத் திறந்தால் மட்டும் அவருடைய ப்ராம்ப்ட் 'நான் திருடன்' என்று சிவப்பில் மின்னும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த நிமிடமே அழித்துவிட்டார்.

"ஐயோ, ஏன்க்கா! விடுங்கக்கா, ஒரே ஒரு நாள் இருக்கட்டும்!"

"இது என் பேர்ல பதியும்டி. நாளைக்கு அவன் பாவம், நான் பிசாசு. அந்தச் சந்தோஷத்தை அவனுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?"

பிறகு விலகல் படிவத்தை எடுத்துக்கொண்டு ஷாவ் அறைக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். அதில் துறைத் தலைவர் பதில் எழுத வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவருடைய கணக்கில் உள்ள எதையாவது மற்றவர்கள் பயன்படுத்துகிறார்களா? ஆம் என்றால் எதை, எதற்காக என்று எழுத வேண்டும். இல்லை என்றால் அன்று மாலையே கணக்கும் அதன் காப்புப் பிரதிகளும் அழிக்கப்படும். வாடிக்கையாளர் ரகசியம் உள்ள இடம், அதனால் விதி கறார்.

"சார், நல்லா யோசிச்சு டிக் போடுங்க. என் தொடக்கக் கோப்பு அங்கதான் இருக்கு."

ஷாவின் பேனா ஒரு கணம் நின்றது. ஆம் என்று போட்டால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் கேடயத்தின் கதை கந்தலாகிவிடும்.

"உன் கலர் டப்பாவை யாரும்மா தேடப் போறா? பொது இடத்துல என்னோடது இருக்கு."

இல்லை என்பதில் டிக் அடித்து முத்திரையும் குத்தினார். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் திறக்க மாட்டேன்.

திங்கள் காலை நூற்று முப்பது ஜன்னல்களிலும் ஒரே செய்தி: கோப்பு இல்லை. அதன் கீழே, ப்ராம்ப்ட் இருந்த இடத்தில், நிறமில்லாமல் மொட்டையாக ஒரு டாலர் குறி. ஒரு மென்பொருளும் திறக்கவில்லை. எது வாடிக்கையாளர் கணினி, எது சோதனைக் கணினி என்று தெரியாமல் எண்டரைத் தட்டவே எல்லாருக்கும் பயம். புதன்கிழமை வடிவமைப்பு தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். கணினிகளைப் பராமரிக்கும் ஜுவோ ஓடிப்போய், கணினி மக்கர் பண்ணாமல் இருக்க எங்கள் ஊர் நம்பிக்கைப்படி சர்வர் தலையில் வைத்திருக்கும் பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "தேதி கூட முடியலையே! இதுக்கு மேல நான் என்னங்க பண்றது?"

பத்து மணிக்கு இயக்குநர் நியே அம்மா இறங்கி வந்தார். ஷாவின் தர அமைப்பைத் திறக்கச் சொன்னார். ஒரே வரி. அதைச் சத்தமாகப் படித்தார்.

"ஷாவ், இந்த ஒரு வரிக்கா பரிசு வாங்கினீங்க?"

விலகல் படிவமும் மேசைக்கு வந்தது. டிக்கையும் முத்திரையையும் பார்த்துவிட்டு நியே அம்மா என் பக்கம் திரும்பினார். லுவானைக் கூப்பிடு என்று என்னிடம் கைகாட்டினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மார்க்கெட்ல மீன் வாங்கிட்டிருக்கேன், என்னடி?"

இயக்குநர் நடந்ததைச் சொல்லி, கோப்பின் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். அக்கா அவசரப்படவில்லை.

"என்கிட்ட பிரதி இல்லீங்க மேடம். போகும்போது என் பையையே சோதிச்சுத்தானே அனுப்பினீங்க? ஆனா பதினேழு வருஷம், மனசுல இருக்கு. சொல்றேன். ஷாவ் சார் தட்டட்டும். வேற யாரும் கீபோர்டைத் தொடக் கூடாது."

ஷாவ் உட்கார்ந்தார். சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றோம்.

"முதல் வரி. ஜன்னல் திறந்ததும் எல்லார் திரையிலயும் தெரியணும். எழுதியவர் கியாங் சியூலுவான், உதவியாளர்."

விரல்கள் நின்றன. "இது வேலைக்குச் சம்பந்தமில்லாத வரி..."

"இது இல்லாம ரெண்டாவது வரி வராது சார். மீனை இன்னும் நறுக்கிட்டிருக்காங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."

ஷாவ் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷாவ் தட்டினார்.

"உதவியாளர்னு போட்டீங்களா?"

"போட்டேன்."

"எங்க, சத்தமா படிங்க. இங்க மார்க்கெட் இரைச்சல், காது கேக்கல."

படித்தார். இன்னொரு முறை என்றார் அக்கா. இன்னொரு முறையும் படித்தார். பிறகுதான் இரண்டாவது வரி வந்தது. மீதி வரிகளையெல்லாம் சொல்லி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. சிவப்பு திரும்பி வந்தபோது நாங்கள் கை தட்டினோம். ஷாவ் தட்டவில்லை.

புதன்கிழமை வடிவமைப்பு சரியாகப் போய்ச் சேர்ந்தது. அக்காவை மறுபடி கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. ஷாவ் இன்னும் இங்கேதான் இருக்கிறார். அந்த முதல் வரியை எடுத்துவிடச் சொல்லி ஜுவோவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். லுவான் அக்காவைக் கேட்காமல் அந்தக் கோப்பில் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்பது இயக்குநரின் உத்தரவு. ஷாவ் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ஜன்னலைத் திறக்கிறார். அவர் திரை என் இருக்கையிலிருந்து நன்றாகத் தெரியும். நான் எண்ணுகிறேன்.