வாஞ்சோவின் மீசையும் எடைமேடையும்

வாஞ்சோ கவதார்ச்சி என்ற திராட்சை ஊரில் ஓர் ஒயின் ஆலையில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். அப்பாவும் அண்ணன்களும் திராட்சைத் தோட்டத்தில் வேக, இவன் மட்டும் தலைநகர் ஸ்கோப்யேவுக்குப் போய்ப் படித்துவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று வீட்டில் பெருமையும் பொறாமையும் சரிபாதி. பிப்ரவரியில் புனித திரிஃபுன் நாளன்று ஊரே கொடியைக் கவாத்து செய்து வேரில் ஒயின் ஊற்றும். இவன் சர்வர் அறை வாசலில் நாலு சொட்டு ஊற்றுவான். மிச்ச பாட்டில் அவனுக்கு.

ஆலைக்கு இருப்பது ஒரே சர்வர். அதற்குள் ஒண்டுக்குடித்தனம் மாதிரி பல மெய்நிகர் கணினிகள். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று, டைரக்டருக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று என்று எல்லாம் அதற்குள்ளேயே குடியிருந்தன. அவை தங்க இரண்டு விதமான இடம் உண்டு. எஸ்.எஸ்.டி. சின்னது, ஆனால் கேட்ட மாத்திரத்தில் தரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் பெரியது, எதையும் யோசித்து யோசித்துத்தான் எடுத்துத் தரும். யார் எங்கே என்பதை வாஞ்சோ கையாலேயே மாற்றிக்கொண்டிருந்தான். சுட்ட மிளகாயில் அரைத்த ஐவார் பாட்டிலோடு வந்தவர்கள் எஸ்.எஸ்.டி.யில் இருந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தார்கள்.

விஷயம் டைரக்டர் கீரோவின் காதுக்கு எட்ட, அவர் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் இவனைப் பிடித்து உலுக்கிவிட்டார். வாஞ்சோவுக்கு ரோஷம் வந்தது. ஒரு மென்பொருள் போடப்போவதாகச் சொன்னான். எந்தக் கணினி அதிகம் புழங்குகிறதோ அதை அதுவே ராத்திரியில் எஸ்.எஸ்.டி.க்கு ஏற்றிவிடும், சும்மா கிடப்பதை இறக்கிவிடும்.

"இனிமே நான் கை வெச்சு எதையாவது மாத்தினா இந்த மீசையை எடுத்துடறேன்."

கீரோவுக்கும் மீசை உண்டு, அதுவும் இவனுடையதைவிட அகலம். "எனக்கு மாத்திக் குடுன்னு நான் வந்து நின்னா என் மீசையும் போகட்டும்" என்றார்.

பல மாதங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஐவார் வரத்து நின்றுபோனதைத் தவிர. அறுவடைக்கு முந்தைய வாரம் எடைமேடை மெங்கா வந்து நின்றாள். அவளுடைய கணினிக்கு அறுவடையின்போது மட்டும்தான் வேலை, மற்ற நாளெல்லாம் தூக்கம். தூங்குகிற ஆளை மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கின் அடிமட்டத்துக்கே தள்ளிவிட்டிருந்தது.

"தம்பி, ஒரு சீட்டு வர்றதுக்குள்ள நான் காப்பி போட்டுக் குடிச்சு டம்ளரையும் கழுவிட்டேன். திங்கக்கிழமை டிராக்டர் வரிசை கட்டும். இந்த வெயில்ல பழம் ட்ரெய்லர்லயே புளிச்சுப் பொங்கிடும். பேசாம கை வெச்சு மேல ஏத்திவிடு."

"என் மீசை போகும் அக்கா."

"மீசை வளரும்பா. பொங்கின பழத்தை எவன் வாங்குவான்?"

வாஞ்சோ மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தான். தான் ஏற்றினால்தானே தோல்வி? மென்பொருளே ஏற்றிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? "அக்கா, எடை போட்டுக்கிட்டே இரு. எது கிடைச்சாலும் போடு."

முதலில் அவனுடைய பழைய காரை ஏற்றினார்கள். அடுத்தது ஃபோர்க்லிஃப்ட். ஸ்த்ருமிட்சாவிலிருந்து வந்த தர்ப்பூசணி வண்டி, அறுவடையை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார் என்று எதுவும் தப்பவில்லை. அப்புறம் ஊர் தானாகவே வர ஆரம்பித்தது. லாரிக்கென்று செய்த எடைமேடை அது. இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம் அதற்குத் தெரியாது, ஒன்று ஏற்றிச் சொல்லும், இல்லை இறக்கிச் சொல்லும். ஒரே எடை என்று சீட்டு வாங்கிக்கொண்டு பல தம்பதிகள் சமாதானமாக வீடு திரும்பினார்கள்.

கூட்டத்தைப் பார்த்து கீரோவும் கைப்பையோடு ஏறினார். நூற்றிருபது என்றது. முகம் சுண்டிப்போய் ஷூவைக் கழற்றினார். அப்போதும் நூற்றிருபதுதான். கைப்பையை மெங்காவிடம் கொடுத்துவிட்டு ஏறியதும் நூறு. மனிதருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பெண்டாட்டிக்கு ஒரு சீட்டு, டாக்டருக்கு ஒரு சீட்டு என்று வெள்ளிக்கிழமை வரை வந்து வந்து ஏறினார். ஒவ்வொரு முறையும் மெங்கா பவ்யமாகப் பையை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை டிராக்டர்கள் ஆலை வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை நின்றன. மெங்கா பொத்தானை அழுத்த அழுத்தச் சீட்டு பறந்தது. எடைமேடைக் கணினி எஸ்.எஸ்.டி.யில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வாஞ்சோ மீசையை முறுக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

அப்போது கீரோ வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் கம்ப்யூட்டரில் மெயில் திறக்கவில்லையாம், திரை அப்படியே நிற்கிறதாம். எஸ்.எஸ்.டி. சின்னது, ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்கியாக வேண்டும். போன வாரம் முழுக்கத் தன் நாற்காலியைவிட எடைமேடையிலேயே அதிக நேரம் இருந்தவர் இவர்தான்.

"அதை எப்படியாவது..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க டைரக்டர். எப்படியாவது?"

டிராக்டர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துப் பேச்சு ஊருக்கே தெரியும். கீரோவின் கை தானாக மூக்குக்குக் கீழே போனது.

"ஒண்ணுமில்ல. வரிசை நல்லா நகருதான்னு பாக்க வந்தேன்."

அன்று முழுவதும் டைரக்டர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. காப்பி கொண்டுபோன பெண் வந்து சொன்னாள்: மனிதர் கம்ப்யூட்டரில் மூடியிருக்கிற ஃபைல் ஒவ்வொன்றையும் திறக்கிறார், திறந்ததை மூடுகிறார், மறுபடி திறக்கிறார்.