ஐயனார் காட்டை விட்டுக்கொடுத்த கதை

மணல் லாரிக்கு வழி விட்டது நாங்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரைத் திட்டினாலும் என் மனசுக்குக் கொஞ்சம் நியாயமாக இருக்கும்.

கொள்ளிடக் கரைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஐயனார் காடு இருந்தது. மருதமும் இலுப்பையும் மூங்கிலுமாக உச்சிவெயிலிலும் இருட்டாக இருக்கும். அங்கிருந்து ஒரு சுள்ளிகூட வீட்டுக்கு வரக் கூடாது. ஈரத் தென்னைமட்டையோடு அடுப்படியில் மல்லுக்கட்டிய நாட்களிலும் அம்மா அந்தப் பக்கம் கை நீட்டியதில்லை. காட்டைவிட்டு வெளியே வரும்போது முந்தானையை உதறிவிட்டு வருவோம், ஓர் இலைகூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதென்று. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கரை நின்றது அந்த வேர்களால். கடல் பக்கத்தில் இருந்தும் எங்கள் தண்ணீர் இனித்தது, அடியில் கிடந்த மணலால்.

நாங்கள் பண்ணையில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள். பெரிய தெருக் கோயிலில் எங்களுக்குத் திருநீறு மேலிருந்துதான் விழும், கை படாமல். அதனால் எங்கள் ஐயனாருக்குக் கும்பாபிஷேகம் என்று முடிவானதும், மதில் சுவரோடு கோயில் வேண்டும் என்று தெருவே ஆசைப்பட்டது. அந்த நேரம் பார்த்து, ஆற்று மணலை ஏலம் எடுத்திருந்த ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் பந்தியில் தரையில் உட்கார்ந்து, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ரசத்திலேயே நாங்கள் கரைந்துவிட்டோம். மதில் தன் உபயம் என்றார். கல்லும் மணலும் கொண்டுவரக் காட்டுக்குள் ஆறுவரை ஒரு லாரி போகிற வழி விட்டால் போதும் என்றார்.

சாமியைக் கேட்காமல் ஒரு கிளையை வெட்ட முடியுமா? பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். கட்டி வைத்தது கோயிலைப் பார்த்துக்கொண்ட என் அண்ணன். எனக்கு அப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. "படிச்ச புள்ள எடுக்கட்டும்" என்றார்கள். எடுத்தேன். வெள்ளை. சம்மதக் கடிதத்தையும் என்னையே எழுதச் சொன்னார்கள், பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

மதில் எழும்பியது. கும்பாபிஷேகம் முடிந்தும் லாரி நிற்கவில்லை. ஒன்று பத்தானது. ஏலம் எடுத்த எல்லையைத் தாண்டி, காட்டுக்கு அடியிலேயே பொக்லைன் தோண்டியது. இடைஞ்சல் என்று மரங்களைச் சாய்த்தார்கள், சாய்த்த மருதமெல்லாம் மரவாடிக்குப் போனது. மறித்துப் படுத்த ஆண்கள்மேல் கேஸ் போட்டார்கள். ஆட்சி மாறியபோது லாரியில் கட்டியிருந்த கொடி மாறியது. அவ்வளவுதான்.

மனு எழுதி எழுதி எனக்கு வெறுத்துப்போனது. ஒருமுறை ஜமாபந்தியில் தாசில்தார் நிதானமாக ஃபைலைப் பிரித்து ஒரு தாளைக் காட்டினார்.

"ஊரே சம்மதம் குடுத்திருக்கீங்களேம்மா. எழுத்து யாருது? முத்து முத்தா இருக்கு."

என் எழுத்து. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அதற்குள் அடிபம்புத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. பருப்பு வேகவில்லை. அடுத்த ஐப்பசியில், பிடித்து நிறுத்த வேரில்லாத கரை உடைந்து ஆறு தெருவுக்குள் வந்தது. அண்ணன் வீட்டுச் சுவர் விழுந்தது. மதிலில் மட்டும் ஒரு கீறல் இல்லை. உபயதாரர் பெயர் வெட்டிய கல்லும் அப்படியே இருந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு, அந்த மதிலில் சாய்ந்து உட்கார்ந்துதான் அண்ணன் அதைச் சொன்னார்.

"பாப்பா, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன்."

"ஏண்ணே?"

"செவப்பு வந்துட்டா மதில் வராதே."

எதிரே காடு இருந்த இடத்தில் பள்ளம் பள்ளமாகத் தண்ணீர் நின்றது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டியபோது, வெள்ளையே வர வேண்டும் என்று நானும்தான் வேண்டிக்கொண்டேன். ஐயனாரை நாங்கள் யாருமே கேட்கவில்லை.