வளர்ற பிள்ளைக்கு ஒரு வால்வு

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் மகனுக்குப் பேண்ட் எடுக்கப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் நான் எப்போதும் போகிற யூனிஃபார்ம் கடைதான். பேண்ட் எடுக்கவில்லை. கடைக்காரர் செல்வின் அண்ணாச்சி, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்காமல், தன் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

“டீச்சர், இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும்.”

அவர் மகள் ஜாய்ஸ் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு. பிறவியிலேயே இதயத்தில் குறை. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் உருவாகவே இல்லை. அபூர்வமாக வருகிற நோய். கைக்குழந்தையாக இருந்தபோதே நெஞ்சைத் திறந்து, வால்வு வைத்த செயற்கைக் குழாய் ஒன்றைத் தைத்துவிட்டார்கள். பிள்ளை வளர்ந்தாள். குழாய் வளருமா? இப்போது அது அவளுக்குப் போதவில்லை. மாடிப்படி ஏறினால் உதடு நீலம் பூக்கிறது. மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்குமோ... அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது அந்த ஒரே பயம்தான்.

நோயின் பெயரைப் போனில் தேடியிருக்கிறார் அண்ணாச்சி. வந்து நின்றது டாக்டர் எழுதிய கட்டுரை இல்லை — ‘சிகிச்சைச் சந்தையின் எதிர்காலம்’ என்று ஒரு வியாபார அறிக்கை. மாதிரிக்கு இரண்டு பக்கம் மட்டும் திறந்தது.

எனக்குச் சீக்கிரம் எரிச்சல் வரும். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும். அன்றைக்கும் வந்தது. ‘வளர்ச்சி வாய்ப்பு’ என்கிறார்கள். ‘புதிய போட்டியாளர்கள்’ என்கிறார்கள். ‘குழந்தைகள் பிரிவு’ என்று தனித் தலைப்பு வேறு, ஜவுளிக்கடை மாடியில் போர்டு மாட்டுகிற மாதிரி. இதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் பிள்ளை குட்டி கிடையாதா?

“இதையெல்லாம் படிக்காதீங்க அண்ணாச்சி. பச்சப்பிள்ளை நோயிலயும் மார்க்கெட் பாக்காங்க” என்று போனை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “மார்க்கெட் பெருசாகும்னா போட்டிருக்கு?”

“ஆமா.”

“புதுசா கம்பெனிக்காரன் வாரானா?”

“வருவாங்கன்னுதான் இருக்கு. நெஞ்சைத் திறக்காம, தொடையில உள்ள ரத்தக்குழாய் வழியாவே உள்ள கொண்டுபோற வால்வாம். சின்னப் பிள்ளைங்களுக்கும் செய்ய ஆரம்பிச்சிருக்காங்களாம்.”

மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“டீச்சர், நான் முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். விக்காத சைஸை வாங்கிப் போடுவனா? மாட்டேன். எம் பிள்ளைக்கு வந்திருக்கதும் விக்காத சைஸுதான்னு எனக்குத் தெரியும். இவ ஒருத்திக்காக எவன் மெனக்கெட்டுச் செய்யப்போறான்னு மனசு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. இப்ப மார்க்கெட்டுன்னு ஒருத்தன் எழுதிட்டான்லா... அப்போ சரக்கு வரும்.”

எனக்குச் சுருக்கென்றது.

மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு மார்க்கெட் என்பது கொஞ்சம் கெட்ட வார்த்தை. ‘அரிய’ என்பதோ நல்ல வார்த்தை. அரிய வாய்ப்பு, அரிய புத்தகம், அரிய மனிதர். ஆனால் அதே வார்த்தை ஒரு நோய்க்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் அர்த்தமே மாறிவிடுகிறது. மருந்து செய்கிறவனுக்கு ‘வாங்க ஆள் குறைவு’ என்று காதில் விழுகிறது. வருகிற வால்வு எல்லோர் கைக்கும் எட்டுமா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. அதற்கு நாம் சண்டை போட்டே ஆக வேண்டும். ஆனால் யாருமே செய்யாத வால்வுக்காக யாரோடு சண்டை போடுவது?

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அண்ணாச்சி. டாக்டர் வாயைத் திறந்தாலே படபடப்பில் இவருக்குப் பாதி காதில் விழாதாம். திருநெல்வேலிக்கு மாதம் ஒருமுறை வந்து போகிற குழந்தைகள் இதய மருத்துவர் அவர். சின்ன வயசுப் பெண். ஸ்கேனைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை வழியாவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பழைய குழாய்க்குள்ள உட்கார வச்சிடலாம். இவ அளவுக்கு இப்ப கிடைக்குது.”

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார் பாருங்கள் —

“டாக்டரம்மா... ஒரு சைஸ் பெருசாவே வச்சிருங்களேன். வளர்ற பிள்ளை.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் கடைக்கு வருகிற அத்தனை பெற்றோரும் அவரிடம் சொல்கிற வசனம் அது. நானும் சொல்லியிருக்கிறேன். அதைப் போய் இதயத்துக்குமா சொல்வார்கள்?

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துப் படம் வரைந்தார்.

“ரொம்பப் பெருசா வச்சா பக்கத்துல இருக்கற ரத்தக்குழாயை அழுத்திடும் அண்ணாச்சி. ஆனா நீங்க கேக்கறது நியாயமான கேள்வி. அதுக்கும் வழி இருக்கு. இப்ப அளவா வைக்கிறோம். அவ வளர்ந்த பிறகு பலூன் வச்சு இதையே கொஞ்சம் விரிச்சுக்கலாம். தேவைப்பட்டா, இதுக்குள்ளயே இன்னொண்ணும் வைக்கலாம்.”

அண்ணாச்சி முகம் தெளிந்தது. “துணியை உள்ள மடிச்சு டக் பிடிச்சுத் தைக்க மாதிரின்னு சொல்லுங்க. பாவாடை எட்டலன்னா பைய பிரிச்சு விட்டுக்கிடலாம்.”

“அதேதான்” என்றார் டாக்டர். பத்து வருடம் படித்தவரும் முப்பது வருடம் துணி விற்றவரும் ஒரே நிமிடத்தில் ஒத்துப்போனார்கள். பிஎட் படித்த நான்தான் நடுவில் தேவைப்படவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் வால்வு வைத்தார்கள். நான்காம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். தொடையில் சின்னத் தழும்பு, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா. ஓடலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் ஜாய்ஸ் கடைசியாக வந்தாள். அதுவும் சாதாரணக் கடைசி இல்லை... மற்ற பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல சிவப்பு.

கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த அண்ணாச்சியிடம், “அடுத்த வருசம் ஜெயிச்சிருவா” என்றேன், ஆறுதலுக்கு.

“ஜெயிக்கது கெடக்கட்டும் டீச்சர்” என்றார். “எம் பிள்ளை தோத்துட்டு வந்து அழுதா, பாத்தீங்களா? இதுவரைக்கும் அவ எதுலயும் தோத்ததே கெடையாது... ஓட விட்டாத்தான?”