அவரைக்கொடிக்குப் போட்ட சாம்பல்

எங்கள் வீடு ஒரு மாசி மாதத்தில் எரிந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் ஓடி வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தீப்பிடித்ததிலிருந்து கூரை உள்ளே விழும் வரை ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பக் கட்டி முடிக்க மூன்றரை மாதம் ஆயிற்று. அந்த மூன்றரை மாதத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதில் நான் நடந்துகொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டேரிப்பட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். மண்சுவர், கூரை வீடு. மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். என் கணவர் இளையவர், கழனி வேலை பார்த்தார். மூத்தவருக்கு விழுப்புரம் ரயிலடியில் கரி தள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அவர் மனைவி, என் ஓரகத்தி, திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவரை அக்கா என்பேன். எல்லோருக்கும் ஒரே அடுப்பு. அந்த அடுப்பு அக்காவின் கையில் இருந்தது.

வீட்டின் பின்பக்கம் அவரைக்கொடி. ஆடியில் விதை ஊன்றி, கொம்பு நட்டு, கூரைமேல் ஏற்றிவிடுவோம். தை, மாசியில் காய்த்துத் தள்ளும். அப்போதுதான் அசுவினியும் வரும். கருப்பாகப் பொடிப்பூச்சி, கொழுந்திலும் பூவிலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதற்கு மருந்து அடுப்புச் சாம்பல். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவ வேண்டும், அப்போதுதான் இலையில் ஒட்டும். நாளைக்குத் தூவிவிடு என்று அத்தை முந்தின நாளே எனக்குச் சொல்லியிருந்தார். நான் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அத்தை கழனிக்குப் போயிருந்தார். காலைச் சமையல் முடிந்து, அக்கா பின்பக்கத் தோட்டத்தில் பெரிய பானை வைத்து நெல் அவித்துக்கொண்டிருந்தார். என் கணவர் திண்டிவனம் சந்தைக்குப் போய்விட்டார். அத்தை திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல இருந்துவிடலாம் என்பது என் கணக்கு. வீட்டடுப்பிலிருந்த சாம்பலை முறத்தில் அள்ளினேன். மேலே ஆறித்தான் இருந்தது. உள்ளே கையை விட்டுக் கிளறிப் பார்க்கவில்லை. சாம்பல் தூவுகிறவள் முதலில் முறத்தில் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது பாவாடை கட்டுகிற பெண்ணுக்கும் தெரிந்த சமாச்சாரம். நாங்கள் எரிப்பதோ புளியங்கட்டை. அதன் கங்கு சாம்பலுக்குள் அரை நாள் உயிரோடு கிடக்கும்.

அக்கா அப்போது பிள்ளைகளைப் பார்க்க முன்பக்கம் போயிருந்தார். எட்டாத இடத்துக்கும் போகட்டும் என்று வீசி அடித்தேன். கடைசி வீச்சில் கருப்பாக ஒரு துண்டு பறந்துபோய்க் கூரைமேல் கொடியடியில் காய்ந்த சருகுக்குள் விழுந்தது. வெறும் கரி என்று நினைத்தேன். விழுந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளையாக எழும்பியது. சாம்பல் பறக்கிறது என்று நினைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

கிணற்றடியில் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தபோது பின்கூரை முழுக்கப் பிடித்துவிட்டது. அக்கா பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தெரு ஆண்கள் பக்கத்து வீட்டுக் கூரைகளில் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் வீட்டைக் காப்பாற்ற யாரும் முயலவில்லை, முயன்றும் பயனில்லை. விதைக்கு வைத்திருந்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மூட்டையோடு உள்ளே எரிந்தது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சாம்பலைக் கிளறி வறுபட்ட மல்லாட்டையைப் பொறுக்கித் தின்றார்கள். வாசனை நன்றாகத்தான் இருந்தது. 

அத்தை கழனியிலிருந்து ஓடி வந்து நின்றார். பின்பக்கந்தான் முதலில் பற்றியது என்று யாரோ சொன்னார்கள். பின்பக்கம் நெல் பானை இன்னும் அடுப்பில் இருந்தது.

"அடுப்பு வச்சவ எவடி?" என்றார் அத்தை.

"நான்தான் அத்தை" என்றார் அக்கா.

அவ்வளவுதான் விசாரணை. சாம்பலை நான் விடியலிலேயே தூவியிருப்பேன் என்று நினைத்தோ என்னவோ, அத்தை என்னைக் கேட்கவில்லை. அக்கா சொன்னது உண்மை, நெல் அடுப்பை வைத்தவர் அவர்தான். அதையே ஊர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது. நாளடைவில் அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பொறி பறந்ததை நான் கவனிக்கவில்லையே என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மேல்மலையனூர்ப் பக்கத்தில் என் அம்மா கூலிக்குக் களை எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அங்கே போய் என்ன சொல்லி நிற்பது? முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்களே என்று சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தின நாள் ஒரு காரணமாகிவிட்டது.

கழனியிலிருந்த மாட்டுக் கொட்டகையில் குடியிருந்தோம். வீடு எரிந்தவர்கள் மறுபடி கூரை ஏறும் வரை தங்கள் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். வீட்டுக்கு ஒரு நாளாக முறை வைத்துக் கேப்பைக் கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கா அரை வயிறுதான் குடிப்பார். தன் பங்கைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிடுவார். மூத்தவர் விழுப்புரத்திலிருந்து வந்து எரிந்த வீட்டைப் பார்த்தார், மனைவியிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை.

வேலை சுவரில் தொடங்கியது. சுவர்கள் நின்றுகொண்டுதானே இருக்கின்றன, மேலே கூரை போட்டால் ஆயிற்று என்று என் கணவர் நினைத்தார். சுவர் வைக்கிறவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெந்து போச்சுப்பா. இது மேல புது மண்ணு ஒட்டாது. மழ வந்தா பேந்து வுழும்" என்றார். நெருப்பில் சுட்ட மண் செங்கல் போலச் சிவந்து நின்றது. வெந்த பகுதியை எல்லாம் கடப்பாரையால் கொத்தித் தள்ளி, நல்ல மண் தெரியும் வரை எடுத்து, அதை ஈரமாக்கி, பிறகுதான் புது மண் வைத்தோம். ஏரியிலிருந்து களிமண், அதில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மூன்று நாள் ஊறவைத்து மிதிக்க வேண்டும். நான் மிதித்தேன். மண் சுமந்தேன். விடிந்ததும் முதலில் இறங்குவதும் கடைசியில் ஏறுவதும் நானாக இருந்தேன். என்ன சொல்ல, என் மனசு அடங்க வேறு வழி தெரியவில்லை.

அதற்கு எனக்குக் கிடைத்த பலன்தான் கொடுமை. "சின்ன மருமவள பாரு, மாடு மாதிரி ஒழைக்குது. ஒருத்தி எரிக்கிறா, ஒருத்தி கட்டுறா" என்று தெருவில் பேசினார்கள், அக்காவின் காதில் விழும்படியே. நான் உழைக்க உழைக்க அவர் தலை குனிந்துகொண்டே போயிற்று.

பங்குனிக் கடைசியில் பனை அறுத்து, கூரைச் சட்டத்துக்கு வாரை வந்தது. கூரைக்குப் போட ஓலை போதவில்லை. அப்போது திருவெண்ணெய்நல்லூரிலிருந்து அக்காவின் அப்பா இரண்டு வண்டி கரும்புச் சோகை, கூரை வேயும் காய்ந்த தோகை, கொண்டுவந்தார். யாரும் கேட்கவில்லை. அறுவடை முடிந்த கரும்புக் கொல்லைகளில் தானே கட்டுக் கட்டி, இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்திருந்தார். இறங்கினதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அத்தை எதிரில் நின்றார்.

"பொண்ணு கவனமில்லாம இருந்துட்டுது. வளத்தவன் தப்பு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அத்தை, "நடந்தது நடந்துபோச்சு, கூழு குடிங்க" என்றார். நான் வண்டியிலிருந்து சோகைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். சோகை கையைக் கிழித்தது. இப்போது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கட்டை இறக்கினேன். அந்த மனிதர் அன்று சாயங்காலமே வெறும் வண்டிகளோடு திரும்பிப் போனார்.

வைகாசியில் கூரை ஏறியது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச ஏற்பாடு. அத்தை புது அடுப்பு போட்டு மெழுகி வைத்திருந்தார். புது வீட்டில் முதல் அடுப்பைப் பற்ற வைப்பது மூத்த மருமகள். அக்கா தலை முழுகி ஈரக் கூந்தலோடு, பால் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தீப்பெட்டி கிடைக்காத காலம். எதிர்வீட்டு அடுப்பிலிருந்து வறட்டியில் நெருப்பு எடுத்து வர என்னை அனுப்பியிருந்தார்கள். நான் வறட்டியோடு உள்ளே வந்தேன்.

அத்தை அக்காவைப் பார்த்தார். தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"பெரியவ கையி வேணாம். ஒரு தரம் பட்டது போதும். சின்னவளே, நீயே பத்த வை" என்றார்.

அக்கா பால் சட்டியை அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டு, சுவரோடு சுவராகத் தள்ளி நின்றுகொண்டார். அவருடைய பெண் பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் கையில் வறட்டி புகைந்தது. "அத்தை, நெருப்பு என் கையிலேருந்துதான் போச்சு" என்றேன். "அவரைக்கு சாம்பல் போட்டேன். உள்ள கங்கு இருந்துது. நான் கைய வுட்டுப் பாக்கல. அக்கா அடுப்பு இல்ல."

அத்தை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?"

"அன்னிக்கே தெரியும்."

அத்தை என் கையிலிருந்து வறட்டியை வாங்கினார். அக்காவிடம் போய், "தப்பு எம்மேலதாம்மா. நீ வந்து பத்த வை" என்றார். அத்தை யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா வந்து உட்கார்ந்து அடுப்பை ஊதினார். பால் பொங்கியது. எல்லோரும் குடித்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் பாத்திரம் துலக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா வாசல்ல துண்ட இடுப்புல கட்டிக்கினு நின்னாரு. நீ பாத்துக்கினுதான இருந்த?"

"ஆமாக்கா."

"சோகைய எறக்கிக்கினு இருந்த."

"ஆமாக்கா."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். திட்டவில்லை. பாரம் இறங்கவில்லை, அதன் சரியான எடை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுவாரம் நானும் என் கணவரும் கரியில் ஓடுகிற பஸ் ஏறி, வழியில் இரண்டு தடவை இறங்கித் தள்ளி, திருவெண்ணெய்நல்லூர் போனோம். அக்காவின் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டோம். விழுப்புரத்துக்கும் என் கணவர் போய்ச் சொன்னார். மூத்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அக்கா அவரை வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார். என்னை யாரும் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. நான் பயந்த ஒன்று மட்டும் நடக்கவேயில்லை.

ஆடி வந்ததும் அத்தை பின்பக்கம் மறுபடி அவரை ஊன்றினார். கூரைமேல் ஏற்றவில்லை, தனியாகப் பந்தல் போட்டார். தையில் அசுவினி வந்தது. நான் விடியற்காலையில் எழுந்து, முந்தின நாள் சாம்பலை முறத்தில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அக்கா வழியில் நின்றார். ஒன்றும் பேசாமல் முறத்துக்குள் கையை விட்டு, அடிவரைக்கும் கிளறிப் பார்த்தார். பிறகு வழி விட்டார்.

அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்குள் எங்களுக்குள் பேச்சு வார்த்தை வந்துவிட்டது. என் பிரசவத்தை அவர்தான் பார்த்தார். என் பிள்ளை அவர் மடியில்தான் வளர்ந்தது. ஆனாலும் நான் சாம்பல் எடுத்தால் அவர் கையை விட்டுப் பார்ப்பார். அது எனக்கு வருத்தம் என்று சொன்னால் பொய். பார்க்க வேண்டியதுதான்.

சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்து, அத்தையும் போன பிறகு ஒரு தை மாதம். நான் முறத்தோடு வந்தேன். அக்கா பந்தலடியில் காய் பறித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். "ஜல்தியா தூவு, வெயிலு வந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டு மறுபடி காய் பறிக்கத் திரும்பிக்கொண்டார். அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் முறத்தை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் மறக்கவில்லை.

நானே கையை உள்ளே விட்டு, அடிவரைக்கும் கிளறிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.