கேட் வரைக்கும் பாவாடை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. நான் ஆபீசுக்குக் கிளம்பச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்ததும் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போன என் மகள் வசந்தா, போன வேகத்திலேயே திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"என்னம்மா, ஸ்கூல் லீவா?"

"ஸ்கூலுக்கு லீவு இல்லப்பா. எனக்கு மட்டும் லீவு."

காரணம் கேட்க அவசியமே இல்லை. அவள் போட்டிருந்த பினஃபோரைப் பார்த்தாலே தெரிந்தது. கணுக்கால் வரை தொங்கியது. முட்டி வரை பள்ளிக்கூட நீலம். அதற்குக் கீழே ராவுத்தர் ஜவுளிக்கடை நீலம். 'ரெண்டு தொவை தொவைச்சா ரெண்டும் ஒரே நீலமா ஆயிரும்' என்று ராவுத்தர் சொல்லித்தான் என் மனைவி அந்தத் துணியை வாங்கி ஒட்டுப் போட்டிருந்தாள். எத்தனை துவைத்தால் என்ன... இரண்டும் ஒன்றாக வெளுக்குமே தவிர, ஒன்றாக நீலமாகாது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட லீவில் வசந்தா பெரியவளானாள். மலாக்காவில் நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங் வட்டாரத்து உறவுகள் எல்லாம் கூடிச் சடங்கு சுற்றினோம். பந்தி முடிந்தது, பந்தல் பிரித்தோம், பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் வந்தது. என் மனைவி அந்தப் பினஃபோரைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதப் போட்டுக்கிட்டா இனிமே ரோட்டுல போவும்?" என்றாள்.

பள்ளிக்கூடத்துச் சட்டம் வேறு. பிள்ளைகள் முட்டிபோட்டு நின்றால் பினஃபோரின் ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. சரியான யூனிஃபார்மில் வா, இல்லாவிட்டால் வராதே என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பிவிட்டார்.

"அப்ப வேணாம். வீட்டுல இருக்கட்டும். எழுதப் படிக்கத்தான் தெரியுதே... போதும்," என்றாள் என் மனைவி.

இதில் உங்கள் கருத்து என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். என் வீட்டில் அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் பயனில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தால் மனைவி சொல்வது நியாயம். பள்ளிக்கூடத்தை நினைத்தால் பள்ளிக்கூடம் சொல்வது நியாயம். மகளைப் பார்த்தேன். அவள் தோளில் இருந்த பையைக் கழற்றவில்லை. பையோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் தமிழ்ப்பள்ளி முடித்தவள். இப்போது ரிமூவ் கிளாஸ் — இங்கிலீஷ் பள்ளியில் சேரும் பிள்ளைகள் முதலில் ஒரு வருஷம் இங்கிலீஷ் பழகும் வகுப்பு. ஆரம்பத்தில் 'யெஸ் டீச்சர்' தவிர வேறு வராது. இப்போது நான் ஆபீசிலிருந்து கொண்டுவரும் கடிதத்தில் தப்புக் கண்டுபிடிக்கிறாள். அந்தப் பெண்ணைப் பாதியில் நிறுத்தி வெங்காயம் உரிக்க வைப்பதா?

"நான் போய்ப் பேசுறேன்," என்றேன்.

வெங்காயத்திலிருந்து நிமிராமலே மகள் சொன்னாள்: "நீங்க மட்டும் போவாதீங்கப்பா. ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு வந்துருவீங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க."

பெற்ற மகள் அப்பனை இப்படி எடை போட்டால் கோபம் வர வேண்டாமா? வந்தது. ஆனால் சரியாகத்தானே போட்டிருக்கிறாள்.

நான் ஒரு கிராணி. முன்பு புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில். இப்போது டவுனில் ஒரு ரப்பர் ஆபீசில். கிராணி வேலை என்றால் கணக்கு எழுதுவது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது பாதிதான். மீதி, துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பது. அதில் ஒரு பக்குவம் உண்டு. 'சோம்பேறிகள், ஒருவனுக்கும் புத்தி இல்லை' என்பார் துரை. 'நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்றாரு' என்பேன் நான். 'இவன் குடும்பம் வெளங்குமா?' என்பார் தொழிலாளி. 'துரையின் குடும்பத்தை விசாரிக்கிறார்' என்பேன். இரு தரப்பும் சிரித்துக்கொண்டு கலையும். பதினெட்டு வருஷம் இப்படியே ஓட்டியிருக்கிறேன். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரமே வந்துவிட்டது, எங்கள் துரை மட்டும் இன்னும் கப்பலேறவில்லை. நானும் இன்னும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு தலைமையாசிரியையைச் சமாளிக்க முடியாதா என்ன?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். மனைவி பட்டுச்சேலை கட்டினாள். மகளையும் கூட்டிக்கொண்டு ட்ரைஷா பிடித்துப் போய் இறங்கினோம்.

முன்பிருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குப் போன பிறகு வந்தவர் இந்தத் தலைமையாசிரியை. மிஸ் ஓங் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாக்கா சீனக் குடும்பம். ஃபிராக், மூக்குக்கண்ணாடி, இஸ்திரி போட்ட இங்கிலீஷ். மகளை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நடுவில் நின்றேன். எனக்குப் பழகிய இடம்தான்.

மிஸ் ஓங் ஆரம்பித்தார். "இன்றைக்கு ஒரு பெண் அங்கி மாட்டிக்கொண்டு வந்தால், நாளைக்கு இன்னொருத்தி மேஜைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு வருவாள். சட்டம் என்றால் சட்டம்."

"உன் தையல் நல்லாருக்காம்," என்றேன் மனைவியிடம். "நீளம் மட்டும் கொஞ்சம் கொறைச்சா இன்னும் எடுப்பா இருக்குமாம்."

மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "இவங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைய இப்படி முட்டி தெரிய ரோட்டுல விடுவாங்களான்னு கேளுங்க."

"உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கிறாள்," என்றேன் இங்கிலீஷில்.

"தாங்க் யூ. எல்லோரும் நலம்," என்றார் மிஸ் ஓங். முகம் லேசாக மலர்ந்தது.

"என்ன சொல்றாங்க?"

"யோசிக்க வேண்டிய விஷயம்தான்னு சொல்றாங்க."

மனைவி என்னையே பார்த்தாள். "ஏங்க... தாங்க்யூன்னு என் காதுல விழுந்துச்சே. நான் கேட்டதுக்கு எதுக்கு தாங்க்யூ?"

கேட்ட கையோடு என்னைத் தாண்டி மேஜைப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"நோன்யா, சாக்காப் மெலாயு போலே?"

அதாவது, மலாயில் பேசலாமா என்று. தினமும் மார்க்கெட்டில் மீன்காரனோடு வாதாடும் அதே மலாய்.

மிஸ் ஓங் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். 'எங்கள் வீட்டில் அடுப்பங்கரையிலிருந்து சாமி மேடை வரை மலாய்தானே' என்று மலாயிலேயே சொல்லிச் சிரித்தார்.

மலாக்காவில் பல தலைமுறையாக வேரூன்றிய பாபா வீட்டுச் சீனர்களுக்கு மலாய்தான் வீட்டுப் பேச்சு. இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை? மூக்குக்கண்ணாடியும் ஃபிராக்கும் கண்டதும், எதிரில் இருப்பது துரை என்று என் கிராணிப் புத்தி முடிவுகட்டிவிட்டது. துரை என்றால் இங்கிலீஷ். இங்கிலீஷ் என்றால் நடுவில் நான். வேறெப்படி யோசிக்கும் அந்தப் புத்தி?

அதன் பிறகு அந்த அறையில் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கிருந்த குடை ஸ்டாண்டுக்கு இருந்த மதிப்புக்கூட எனக்கு இல்லை. அதிலாவது ஒரு குடை இருந்தது.

மனைவி பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். இந்தத் தடவை நேராக. மிஸ் ஓங் என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர், இதைத்தான் குடும்ப நலம் என்றீர்களா?" நான் மேலே ஃபேன் சுற்றுவதைக் கவனித்தேன். நன்றாகச் சுற்றியது.

ஆனால் அந்த அம்மா கோபப்படவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னார். "என் அம்மாவும் விடவில்லை. பெரியவளானதும் என்னை வீட்டோடு வைக்கத்தான் பார்த்தார். நான் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில், ஃபிராக்குக்கு மேலே ஒரு சாரோங்கைச் சுற்றிவிட்டுத்தான் தெருவில் இறக்குவார். பள்ளிக்கூட வாசலில் கழற்றி ஆயாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுவேன்." பிறகு கேட்டார்: "இங்கே உள்ளே எல்லாம் பெண்பிள்ளைகள். ஆசிரியைகளும் பெண்கள். உங்களுக்கு என்ன பயம்?"

"ஸ்கோலா தா அப்பா," என்றாள் என் மனைவி. "ஜாலான் சூசா." பள்ளிக்கூடம் பரவாயில்லை, வழிதான் கஷ்டம்.

நான் திடுக்கிட்டேன். மூன்று நாளாக வீட்டில் சண்டை. எது கஷ்டம் என்று ஒரு தடவையாவது நான் கேட்டேனா? பினஃபோர் கூடாது என்றாள். பினஃபோரே கூடாது என்று எடுத்துக்கொண்டேன்.

வழியில் என்ன என்று கேட்டார் மிஸ் ஓங்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு காப்பிக்கடை. வாசலில் நீளமான பெஞ்சு. ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களை எல்லாம் பார்க்கிறார்கள். மனைவி கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினாள். விளக்கி முடித்து, "லாக்கி சாயா பூன் ஆடா," என்றாள். என் வீட்டுக்காரரும் அங்கேதான்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கே பேப்பர் படிக்கத்தான் போகிறேன் என்று எந்த மொழியில் சொல்வது? மூன்று மொழி தெரிந்தவன், மறுபடியும் ஃபேனைப் பார்த்தேன்.

தீர்ப்பு ஐந்தே நிமிஷத்தில் வந்தது. கேட்டுக்கு வெளியே அம்மா சட்டம். பினஃபோருக்கு மேலே பாவாடை. கேட்டுக்கு உள்ளே பள்ளிக்கூடச் சட்டம். பாவாடையைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டுத்துணியைப் பிரித்துவிட வேண்டும். கழற்றிய பாவாடையை வகுப்பில் வைக்கக் கூடாது, பள்ளிக்கூடம் துணிக்கடை அல்ல. யாராவது வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போய், பள்ளிக்கூடம் விடும்போது கொண்டுவர வேண்டும்.

யார்? இரண்டாவது தடவையாக இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

திரும்பும்போது ட்ரைஷாவில் மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "அவங்களுக்கு மலாய் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. தோட்டக்காரர தெனமும் மலாயிலதான் ஏசுவாங்க."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமே."

"அதுக்குத்தானப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போவச் சொன்னேன்."

மறுநாளிலிருந்து பஸ் கிடையாது. மகளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதிப்பேன். கேட்டில் இறங்கிப் பாவாடையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுவாள். நான் அதை மடித்து ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடம் விடும்போது கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் துரை ஏதோ ஃபைல் கேட்டார். அவசரத்தில் பைக்குள் கையை விட்டு உருவினேன்... ரோஸ் நிறத்தில், ஓரத்தில் ஜரிகை வைத்து, துரை மேஜைமேல் விரிந்தது. அவர் பார்த்தார். நான் பார்த்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பேச்சை மாற்றிக் கொடுத்தவன்... ஒரு பாவாடையை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை. சரியாக அந்தக் காப்பிக்கடை முன்னால், வளைவில், பாவாடையின் ஓரம் சைக்கிள் செயினில் மாட்டியது. செயின் மூடி எப்போதோ கழன்று விழுந்துவிட்ட சைக்கிள். நான் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்து ஓடிவந்தார்கள். ஒருவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். காப்பிக்கடைக்காரர் ரொட்டி வெட்டும் கத்தியால் பாவாடையை அறுத்து விடுவித்தார். அத்தனை பேரும் அன்றைக்கு அவளுடைய முட்டியைப் பார்த்தார்கள். ரத்தம் வருகிறதா என்று.

வந்திருந்தது. "டெஸ்ட் இருக்குப்பா, லேட்டாவுது," என்று சொல்லிவிட்டு, அவள் பினஃபோரோடு விந்தி விந்தி நடந்தே போய்விட்டாள்.

சாயங்காலம் மனைவி முட்டிக்கு மருந்து போட்டாள். கிரீஸ் அப்பிய பாவாடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். விழுந்த இடம், ஓடிவந்தவர்கள், கத்தி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பாவாடையைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள்.

"செயின் மூடி மாட்டுற வரைக்கும் பாவாட வேணாம். மாட்டினப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

காஜா பேராங்கில் சைக்கிள் கடைக்கா பஞ்சம்? ஆபீஸ் போகும் வழியிலேயே ஒன்று இருக்கிறது. தினமும் தாண்டித்தான் போகிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்கிறாள், "செயின் மூடி வாங்கினீங்களா?" நான் சொல்கிறேன், "அடடா, மறந்துட்டேன்."

கறிவேப்பிலை வாங்க மறந்தால் அரைமணி நேரம் ஏசுகிறவள், இதற்கு மட்டும், "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று உள்ளே போய்விடுகிறாள்.