இடுப்பு வீணை

வட்டத் துளையில் மூக்கை வைத்து இழுத்தால் முதலில் பழைய மரவாசனை வரும், அதன் பின்னால் லேசாகக் கப்பல் தார், எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் சந்தனம். சந்தனமெல்லாம் உங்கள் பிரமை டீச்சர் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், மூக்கு என்னுடையது.

இத்தாலியில் கத்தானியா என்ற ஊரில் செய்த கிட்டார் அது. உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தில் ஊர்ப்பெயர் இன்னும் தெரிகிறது. தேன் நிறத்தில் முன்பலகை, துளையைச் சுற்றி முத்துச்சிப்பி பதித்த பூக்கள், விரலால் தட்டினாலே ஒரு நிமிஷம் முனகி அடங்குகிற உடம்பு. குத்தாலத்துக்கு அந்தப்பக்கம் வயலுக்கு நடுவே இருந்த எங்கள் தெருவுக்கு அது வந்தபோது அதன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. நடுவில் ஒடுங்கியிருந்ததைப் பார்த்து "இடுப்பு வீணை" என்றார்கள். பெயரைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கொண்டுவந்தவர் என் தாய்மாமன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கூட வேலை பார்த்த இத்தாலிக்காரக் கிழவர் ஒருவர் மாமாவின் ரசத்துக்கு அடிமையாகி, வேலையை விட்டு இறங்கும்போது கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனாராம். இந்தக் கதையை மாமா சொல்லும்போதெல்லாம் ரசத்தின் காரம் ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் மாமா மேல் அம்மாவுக்கு ஆறாத வருத்தம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் ஆனியில் நான் பெரியவளானேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வந்தாக வேண்டும். புடவை, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, தெரு பார்க்க எடுத்துவர வேண்டும். மாமா எந்தக் கடலில் இருந்தாரோ, சீர் வரவில்லை. எதிர்வீட்டு அஞ்சலைப் பெரியம்மா, "தம்பி இருந்தும் தட்டு காலியால்ல கெடக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து அம்மா அஞ்சலைப் பெரியம்மாவிடம் பேசவில்லை.

ஐப்பசியில் மாமா வந்தார். கிட்டாரைச் சாக்குப்பையிலிருந்து உருவி, வச்சுக்க என்று என் மடியில் போட்டார், அவ்வளவுதான். தட்டுமில்லை, பொட்டுமில்லை. கம்பி முறுக்கும் காதைத் திருகிச் சுருதி சேர்க்கவும் மூன்று விரல்பிடிகளும் காட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார். நான் நடவுப் பாட்டுகளை ஒற்றைக் கம்பியில் தேடிப் பிடித்தேன். அம்மா நாற்றங்காலிலிருந்து வந்து சேற்றுக்காலோடு நின்று கேட்பாள்.

கோட்டையில் கதர் போய்க் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி வந்திருந்த காலம். கோட்டையில் யார் இருந்தாலும் களத்தில் நெல் அளக்கும் மரக்கால் பண்ணையார் கையில்தான் இருந்தது. தையில் சம்பா அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெருவே வயலில் இறங்காமல் நின்றது. அப்பா சங்கத்துக்காரர்களோடு ஜெயிலில் இருந்தார். வீட்டில் நண்டு, நத்தை, வரப்புக் கீரை. என் தம்பி, சோறு என்கிற வார்த்தையை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பண்ணையின் ஏஜெண்ட் வந்தார். கல்லூரியில் படித்த பண்ணையார் மகன் வரப்பில் போகையில் என் கிட்டார் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், அது அவருக்கு வேண்டுமாம். நாளைக் காலையில் ஆளோடு வருவேன், எடுத்து வை, வண்டியில் நெல் வந்து இறங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நெல்லை வாங்கினால், வேலைநிறுத்தத்தின் நடுவில் பண்ணை நெல் எங்கள் வீட்டில் மட்டும் இறங்கும். அதோடு தெருவில் எங்களுக்கு முகமில்லை. கொடுக்க மாட்டேன் என்றால் எங்கள் குடிசை நின்ற மனை பண்ணையுடையது. ஒரு வார்த்தையில் கூரையைப் பிரித்துவிடுவார்கள். எனக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. என் வயிறும் வயிறுதானே.

விடிந்ததும் அம்மா சந்தனக் கட்டையை எடுத்துக் கல்லில் இழைத்தாள். கிட்டாரைப் பாயில் கிடத்தி, அந்தத் தேன் நிறப் பலகையில், ஈரச் சந்தனத்தை விரலால் அப்பி நடுவே எண்ணெயில் குழைத்த குங்குமத்தை வைத்தாள். பாழாப்போகுதேம்மா என்று நான் கத்தினேன். சும்மா இருடி என்றாள்.

ஏஜெண்ட் ஆளோடு வந்து புளியமரத்தடியில் நின்றார். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில். அம்மா கிட்டாரை இரண்டு கைகளிலும் ஏந்தி, மேலே வெற்றிலை பாக்கோடு, அவர் முன்னால் போய் நின்றாள்.

"இது எம் பொண்ணுக்குத் தாய்மாமன் வச்ச சீருங்க. நீங்களும் பொண்ணு பெத்தவங்க. சீரைக் கேட்டு வாங்கலாம்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே குடுத்துர்றேன்."

சீர் வராத கதை தெருவுக்கே தெரியும். யாராவது ஒருத்தி சிரித்துவிட்டால் போதும். ஏஜெண்ட் பொட்டைப் பார்த்தார், பிறகு திரும்பி அஞ்சலைப் பெரியம்மாவைப் பார்த்துச் சீரா என்று கேட்டார்.

பெரியம்மா நாக்கை மடித்துக் குலவை போட்டார். அடுத்த வாசலில் ஒருத்தி, அதற்கடுத்த வாசலில் ஒருத்தி என்று தெரு முழுக்கக் குலவை எழுந்தது. ஆனியில் எனக்காகக் கேட்ட குலவையைவிட அது பெரிது. ஏஜெண்ட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சீரைக் கேக்கப்புடாது. சின்னவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மத்தியானம் பெரியம்மா ஒரு சட்டி நத்தைக் குழம்பு கொண்டுவந்து வைத்தார். அம்மா, உப்பு கம்மி என்றாள். அவர்கள் பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

போன மாதம் கம்பி மாற்றச் சென்னைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மயங்கிப் போனார். இந்த மாதிரி மரமே இப்ப கெடைக்காதும்மா என்றவர், பலகையில் ஊறிப்போன கறைகளைக் கண்டதும் முகம் சுளித்தார். தேய்த்து எடுத்துப் பாலிஷ் போட்டால் புதுசாகிவிடுமாம். வேண்டாம் என்றேன். என்ன கறை என்று கேட்டார்.

குடிசை நின்ற மனைக்குப் பிற்பாடு பட்டா கிடைத்து என் தம்பி மாடி கட்டிவிட்டான். பண்ணை வீடு கைமாறிவிட்டது. தையில் மெஷின் வந்து அறுத்துப் போகிறது. அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமா இல்லை, அன்று குலவை போட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. அது சீரில்லை என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

"தாய்மாமன் சீர் தம்பி, அதுக்கு வச்ச பொட்டு" என்று சொன்னேன்.